சாம்பிள் அட்டையின் பின்பக்கம்

"செவ்வாய், பகல் 1.10. ஏழாம் வகை விகுதி இன்றும் பிடிபடவில்லை. அவன் சாப்பிட வரத் தாமதம்." என் பழைய நாட்குறிப்பில் இப்படி ஒரு பதிவு.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் அறையில் எனக்கும் நண்பனுக்கும் ஒரே மேசை. சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கிளிங்கன் படித்தோம். விண்வெளிக் கதைக்காக யாரோ உட்கார்ந்து உருவாக்கிய மொழி. வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒன்பது வகை விகுதிகள், வகைக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் வர வேண்டும். மறுப்பு விகுதி மட்டும் எதை மறுக்கிறதோ அதன் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

"இன்னாடா இது, இவன் மட்டும் பஸ்ல கெடைச்ச எடத்துல ஒக்கார்றான்!" என்பான். கடைசிவரை அதை அவன் சரியான இடத்தில் வைத்ததில்லை.

எழுதிப் பார்ப்பது சாம்பிள் அட்டையின் பின்பக்கத்தில். முன்பக்கம் தோல் துண்டை ஒட்டி, வெளிநாட்டில் வாங்குபவருக்கு அனுப்புகிற அட்டை அது.

அவனுக்குக் கான்பூரில் வேலை கிடைத்தது. போகாதே என்று தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "போக விரும்புகிறாயா?" என்று கிளிங்கனில் எழுதி அவன் டிபன் பாக்ஸின் மேல் வைத்தேன். பதில் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகச் சொன்னான்: "நீ ஒரு வார்த்த சொல்லலியேடா."

"எதுக்கு?"

"உன் அட்டைக்கட்டு மேலயே பதில் எழுதி வெச்சேனே."

அப்போதுதான் உறைத்தது. அந்த வாரம் அவசர ஆர்டர். கட்டின் மேலிருந்த அட்டைகளை எடுத்து, தோலை ஒட்டி, கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் அடைத்தவன் நான்தான். ஒன்றையும் திருப்பிப் பார்க்கவில்லை.

"அது ஜெர்மனிக்குப் போய்ட்டுதுடா!" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு நின்றதும் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தான்.

"இன்னா எழுதின?" என்று கேட்டேன்.

"உட்றா. கிராமர் தப்பா இருக்கும்."

ரயில் நகர்ந்தது. பிறகு போனில் இரண்டு முறை கேட்டேன். ஞாபகம் இல்லை என்கிறான்.

இன்றும் ஒன்று பத்துக்கு அந்த மேசையில்தான் சாப்பிடுகிறேன். இப்போது எல்லா அட்டைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டே ஒட்டுகிறேன். அந்த அட்டையில் அவன் மறுப்பு விகுதியை எழுதியிருந்தானா என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.