வெறுங்கூட்டுக்கு வந்த இரை

நான் வேலை பார்த்த பள்ளி செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக்குப் போகும் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. ஐம்பதுகளின் கடைசி வருடங்கள். நான் அங்கே கிராணி, எழுத்து வேலை. சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், உடைந்த நாற்காலிகளின் பட்டியல் என்று நாள் போகும். அப்பா தளத்துக் கப்பல் பட்டறையில் வேலை செய்து, நோய்ப்பட்டு இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். ஒரே தங்கை நாகப்பட்டினத்துப் பக்கம் கல்யாணமாகிப் போனாள். தனியாள் என்பதால் பள்ளிப் பண்டக அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையைத் தலைமையாசிரியர் எனக்கு ஒதுக்கித் தந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துச் சிராங்கூன் சாலைக்குப் போவேன். முடி வெட்டிக்கொள்வேன், இலை போட்டுச் சாப்பிடுவேன், கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டுத் திரும்புவேன். "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று சாப்பாட்டுக் கடைக்காரர் கேட்பதுதான் பல வாரங்களில் அந்த நாள் முழுவதுக்குமான பேச்சு.

பள்ளியில் என்னோடு தமிழில் பேசியவர் விஞ்ஞான ஆசிரியை ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கேலாங்கில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு பஸ் மாறி வருவார். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆசிரியர் அறையில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவார்கள் என்பதால், இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். அவர் பேசிய தமிழில் முதல் மாதம் எனக்குப் பாதிதான் விளங்கியது. பிறகு அந்தப் பத்து நிமிடத்துக்காகவே காலையில் சட்டையைப் பெட்டி போட ஆரம்பித்தேன். அதற்கு மேல் எதையும் நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

ஒருநாள் இடைவேளையில் அவர் கோப்பை இல்லாமல் வந்தார். "கிராணியார், ஒருக்கா வாங்கோ. ஒண்டு காட்டவேணும்."

விளையாட்டுத் திடலின் ஓரத்தில் செம்பருத்தி வேலி. அதன் நடுவே தானாக முளைத்த ஒரு மஞ்சணத்திச் செடி. அதன் அகன்ற இலைகள் இரண்டின் ஓரங்களைச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்தாற்போல் ஒரு பை. உள்ளே இலவம் பஞ்சு. தையல்சிட்டின் கூடு என்றார். அடிக்கோலின் நுனியில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கட்டிக் கூட்டுக்கு மேல் நீட்டினார். கண்ணாடியில் மூன்று முட்டைகள் தெரிந்தன. மூன்றிலும் ஒரே மாதிரிப் புள்ளிகள். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது.

"அது இந்தக் குருவியின்ரை இல்லை. குயில் சாதியிலை சின்னது ஒண்டு இருக்கு. தான் கூடு கட்டாது. இதுகள் இல்லாத நேரம் பாத்து வந்து ஒரு முட்டையைத் தூக்கிப்போட்டு, தன்ரை முட்டையை வச்சிட்டுப் போயிடும்."

"குருவிக்குத் தெரியாதா டீச்சர்?"

"சில குருவிக்குத் தெரியும். முட்டையைத் தள்ளிவிடும், இல்லாட்டிக் கூட்டையே விட்டிட்டுப் போயிடும். இதுகள் என்ன செய்யும் எண்டுதான் நான் பாக்கவேணும். ஆனா அடுத்த கிழமை விடுமுறை துவங்குது. கேலாங்கிலை இருந்து ஒவ்வொரு நாளும் வர அண்ணா விடமாட்டார்."

"நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் தந்தார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். கண்டதை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. எதையும் தொடக் கூடாது. "தமிழிலையே எழுதுங்கோ" என்றார்.

விடுமுறையில் பள்ளி எப்படி இருக்கும் என்பது அங்கே தங்கியிருப்பவனுக்குத்தான் தெரியும். மேசைகளின் மேல் நாற்காலிகள் கவிழ்ந்து கிடக்கும். தளத்துச் சங்கு ஊதினால் அது காலி வகுப்புகளுக்குள் புகுந்து வரும். மலாய்த் தோட்டக்காரர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் புல் வெட்ட வருவார். மற்ற நாட்களில் என் செருப்புச் சத்தம்தான். முன்பெல்லாம் அந்த மூன்று வாரங்களைத் தூங்கியே கழித்தவன், அந்த ஆண்டு விடிந்ததும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தேன்.

இரண்டு சிட்டுகளும் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். செம்பழுப்பு உச்சி, நிமிர்ந்த வால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். ஒன்று உள்ளே இருந்தால் மற்றது பக்கத்தில் கத்திக்கொண்டிருக்கும். நான் அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்ட பிறகு, அவை என்னை வேலியின் ஒரு கம்பாக எடுத்துக்கொண்டன. எங்கிருந்தோ மேலிருந்து இன்னொரு குரல் வரும். மூன்று நான்கு நீண்ட ஒலிகள், பிறகு சறுக்கி இறங்குவதுபோல் ஒரு விம்மல். தோட்டக்காரர் கத்தியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "பூரோங் மாத்தி அனாக்" என்றார். பிள்ளை செத்த பறவை. அவர்கள் ஊரில் அந்தக் குயிலுக்கு அதுதான் பெயராம். அதன் குரலைக் கேட்டால் அப்படித்தான் இருக்கிறது லா என்றார்.

விடுமுறையின் நாலாம் நாள் பெரிய முட்டை பொரிந்தது. கண் திறக்காத, மயிர் இல்லாத, கருத்த தோல் போர்த்த ஒரு குஞ்சு. ஆறாம் நாள் காலை கண்ணாடியை நீட்டியபோது, அது தலையைக் கவிழ்த்து, முதுகில் ஒரு முட்டையை ஏந்தி, கூட்டின் சுவரில் பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. பிறந்து இரண்டு நாளான உயிருக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. தாய்ச்சிட்டு வாயில் புழுவோடு பக்கத்துக் காம்பில் வந்து உட்கார்ந்தது. தன் முட்டை விளிம்பைத் தாண்டி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு உள்ளே எட்டி, திறந்த வாயில் புழுவை வைத்துவிட்டுப் பறந்தது. மாலையில் இரண்டாவது முட்டையும் கீழே கிடந்தது. எறும்புகள் வந்துவிட்டிருந்தன. நான் கண்டதை எழுதினேன். நினைத்ததை எழுதவில்லை.

அதன்பின் குஞ்சு வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஒரு வாரத்தில் கூடு முழுக்க அதுதான். இலைத் தையல் இழுபட்டு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. அதன் வாய் செக்கச் செவேலென்று எப்போதும் திறந்தே இருந்தது, சத்தம் நிற்கவே இல்லை. சிட்டுகள் இரண்டும் ஒல்லியாகிக்கொண்டே வந்ததாக எனக்குத் தோன்றியது. பெண்சிட்டின் வாலில் ஓர் இறகு விழுந்துவிட்டது. இரை கொடுக்கும்போது அதன் தலையே அந்த வாய்க்குள் போய் மறைந்தது.

அந்த விடுமுறையில் சிராங்கூன் சாலைக்கும் போகாமல், தோட்டக்காரரைத் தவிர யாரோடும் பேசாமல் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு குருவிகளும் எனக்கு வேண்டியவர்கள் ஆகிவிட்டிருந்தன. இந்தக் குயில் குஞ்சு ஒன்று இல்லாவிட்டால் அவை மறுபடி முட்டையிடும், தங்கள் குஞ்சுகளை வளர்க்கும், ஆசிரியை திரும்பி வரும்போது அதைக் காட்டலாம் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பதினான்காம் நாள் காலை, தோட்டக்காரர் வராத நாள், சிட்டுகள் இரண்டும் இரை தேடப் போயிருந்த நேரம், கையை விட்டுக் குஞ்சை எடுத்தேன். உள்ளங்கையில் சூடாக இருந்தது. என் விரலைப் பார்த்தும் வாயைத் திறந்தது. சாலையைத் தாண்டி, ஓடைக் கரைவரை நடந்து, ஒரு புதரின் கிளையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

முக்காலியில் வந்து உட்கார்ந்தபோது ஆண்சிட்டு பச்சைப் புழுவோடு வந்தது. கூட்டின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தது. கூப்பிட்டது. பிறகு உள்ளே இறங்கி, வெளியே வந்து, புழுவை வாயிலேயே வைத்துக்கொண்டு காம்பில் உட்கார்ந்தது. பெண்சிட்டு ஒரு சிலந்தியோடு வந்தது. இரண்டும் போயின, இரண்டும் மறுபடி இரையோடு வந்தன. அவற்றுக்குக் கொடுக்க வாய் இல்லை. மத்தியானம் ஆயிற்று. வந்துகொண்டே இருந்தன. நான் எதிர்பார்த்த விடுதலை எதுவும் அவற்றிடம் தெரியவில்லை. கத்திக் கத்தி ஒவ்வொரு இலையாகத் தேடின.

மூன்று மணிக்கு எழுந்து ஓடைக் கரைக்கு ஓடினேன். குஞ்சு கிளையிலிருந்து விழுந்திருந்தது. செவ்வெறும்புகள் மொய்த்திருந்தன. உயிர் இல்லை. கையாலேயே மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். அன்று மாலை நீல நோட்டில் இப்படி எழுதினேன்: 'காலையில் கூடு காலியாக இருந்தது. பாம்பு எடுத்திருக்கலாம்.'

பள்ளி திறந்த அன்று ஆசிரியை அலுவலகத்துக்கு வந்து, நின்றபடியே நோட்டைக் கடைசிவரை படித்தார். "பாம்பைக் கண்டனீங்களோ?"

"இல்ல டீச்சர். பார்க்கல."

"பாவம்" என்றார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. "எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறீங்கள். முட்டையைத் தள்ளின இடத்தை நான் மூண்டு தரம் வாசிச்சன்."

அந்தச் சிட்டுகள் ஒரு மாதம் கழித்து வேலியின் மறு கோடியில் வேறொரு கூடு கட்டின. இந்த முறை குயில் வந்ததை இருவரும் சேர்ந்தே பார்த்தோம். சாம்பல் தலை, செம்பழுப்பு வயிறு. இரண்டு சிட்டுகளும் அதன் மேல் பாய்ந்து பாய்ந்து விரட்டின. திடலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளே நின்று பார்த்தார்கள். ஆனாலும் மறுநாள் கூட்டில் பெரிய முட்டை ஒன்று இருந்தது. அதற்கு மறுநாளிலிருந்து சிட்டுகள் வரவில்லை. கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டன.

"முட்டையிலை கண்டுபிடிச்சால் விட்டிட்டுப் போகும். குஞ்சாயிட்டா முடியாது. வாயைத் திறந்தால் ஊட்டத்தான் வேணும்" என்றார் ஆசிரியை. அவர் முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நகரத்தில் பறவை ஆர்வலர்கள் சிலர் கூடும் இடத்தில் இதைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார்கள் என்றார். இரண்டு கூடுகளையும் பற்றிக் கட்டுரை எழுதி முடித்துவிட்டாராம். "உங்கடை பேரையும் சொல்லுவன். பாம்பு வரைக்கும் எல்லாம் உங்கடை கண்தானே."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், பாம்பு இல்ல. நான்தான் எடுத்தேன்."

அவருக்கு உடனே விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். எங்கே கொண்டுபோய் வைத்தேன், எப்படிச் செத்தது என்றும் சொன்னேன்.

"ஏன் செய்தனீங்கள்?"

"அந்தக் குருவிங்களைப் பார்க்க முடியல டீச்சர்."

அவர் குரல் உயரவில்லை. "எடுத்ததுகூடப் பரவாயில்லை கிராணியார். எழுதினதுதான். ஒரு நாள் பொய். மிச்ச நாளெல்லாத்தையும் நான் இப்ப என்னெண்டு நம்புறது? அந்த முட்டை விழுந்ததைத் தாய் பாத்துக்கொண்டிருந்தது எண்டு எழுதினீங்கள். பாத்ததோ? இல்லாட்டி உங்களுக்கு அப்பிடித் தோன்றினதோ?"

பார்த்தது என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் அது நம்பிய தலையாட்டல் இல்லை. கோப்பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். நகரத்துக் கூட்டத்தில் அவர் பேசவில்லை என்று பிறகு தெரிந்தது. அதன்பின் இடைவேளைகளில் அவர் வருவது நின்றது. பதிவேட்டில் கையெழுத்துப் போட வரும்போது வணக்கம் சொல்வார், நானும் சொல்வேன். அவ்வாண்டு முடிவில் கோலாலம்பூரில் ஒரு பள்ளிக்கு மாறிப் போனார். பிரிவுபசார விருந்தில் நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லோரிடமும் சொன்னதுபோலவே என்னிடமும் "போயிட்டு வாறன்" என்றார்.

அவர் போய் ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. உடல்நலம் விசாரித்து ஒரு வரி. பிறகு: 'அந்த ஒரு நாளை நீங்கள் இன்னும் எழுதவில்லை. காலையிலிருந்து மாலைவரை என்ன கண்டீர்களோ அதை எழுதி அனுப்புங்கள். நினைத்ததை வேண்டாம்.'

மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்து பக்கம் வந்தது. குஞ்சை எடுத்த நேரம், ஆண்சிட்டு முதலில் வந்த நேரம், எத்தனை முறை வந்தன, என்னென்ன கொண்டு வந்தன, கடைசியாகப் பெண்சிட்டு வாயிலிருந்த தும்பியை எப்போது தானே விழுங்கியது, ஓடைக் கரையில் நான் கண்டது, எல்லாம் எழுதினேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எழுதி, அது கண்டதில் சேராது என்று அடித்துவிட்டேன்.

பதிலாக ஓர் அஞ்சலட்டை வந்தது. 'கிடைத்தது. நீல நோட்டில் பாம்பு என்று இருந்த பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்குப் பின்னால் இதை ஒட்டிவிட்டேன். கட்டுரையை மறுபடி எழுதுகிறேன்.' கீழே கையெழுத்து. முகவரி இல்லை.

அதற்குப் பதில் எழுதினேன், பழைய கடிதத்தில் இருந்த முகவரிக்கு. அவர் வீடு மாறியிருக்க வேண்டும். என் கடிதம் சிவப்பு முத்திரையோடு திரும்பி வந்தது. அறுபதுகளில் பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழுப்ப அந்த வேலியை வெட்டினார்கள். நான் அதே பின்னறையில் இன்னும் நாலு வருடம் இருந்தேன். விடுமுறைகளில் திடலைச் சுற்றி நடப்பேன். கூடு கண்ணில் பட்டால், தள்ளி நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.