கீழ் வரிசையில் மூன்றாவது படம்

கிண்ணியாப் பாலம் திறந்த வருஷம் அது… சண்டை ஓய்ந்து சில மாதம்தான். சனம் வெயிலில் நடந்தே போய்ப் பாலத்தைப் பார்த்தது. புதுத் தார் மணம் செருப்போடு வீடு வரைக்கும் வந்தது.

மூதூருக்கு ஆள் ஏற்றி ஓடுகிற லோஞ்ச் படகில் கயிறு பிடித்தவன் நான். தரைவழி திறக்க லோஞ்சில் ஆள் குறைந்தது, என் வேலையும் போனது. அப்போதுதான் பரிமளம் கூப்பிட்டா. ஒரே ஒழுங்கையில் வீடு, எனக்குத் தங்கச்சி முறை. புருஷன் இல்லை. துறைமுகத்துக்குக் கிட்ட ஆறு பழைய கம்பியூட்டரோடு ஒரு கொம்யூனிகேஷன் கடை நடத்தினா.

"அண்ணை, வாற சனத்தை இருத்திவிட ஒரு ஆள் வேணும்."

"எனக்கு எழுத்துத் தெரியாது பிள்ளை."

"வாறவையில பாதிப் பேருக்கும் தெரியாது. வாங்கோ."

வெள்ளிக்கிழமை கடை நிறையும். கட்டாரில் வேலை செய்கிற பெடியளுக்கு லீவு நாள். தாய்மார் ஆறு கதிரையிலும் இருந்து மகன்மாரின் முகத்தைப் பார்த்துக் கதைப்பார்கள். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, இடத்தைப் பாடமாக்கினேன். கீழ் வரிசையில் இடப்பக்கமிருந்து மூன்றாவது படம். அதை அமத்த ஒரு பெட்டி வரும். அதில் முதலாவதை அமத்தினால் மகன் வருவான். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஆனால் ஆறு மெஷினிலும் இருந்த சிஸ்டம், காசுக்கு விற்பதைக் களவாகப் பிரதி பண்ணிய சீடி. அப்போது ஊரெல்லாம் அதுதான். ஒருநாள், கடை கடையாகப் பார்க்க வரப்போகிறார்கள், பிடித்தால் வழக்கு என்று கதை அடிபட்டது. ஆறுக்கும் முறையாக வாங்குவதென்றால் கடையை விற்றாலும் காணாது. பரிமளம் அன்று சாப்பிடவில்லை. கடை போனால் மகள்மார் இரண்டு பெட்டைகளின் படிப்பும் போகும்…

கம்பியூட்டர் திருத்த வருகிற றவூப் நானா, கிண்ணியாவிலிருந்து வேறொரு சீடியோடு வந்தார்.

"இது லினக்ஸ். களவு இல்ல தங்கச்சி. ஆரும் எடுக்கலாம், ஆரும் மாத்தலாம். செஞ்சவங்களே சும்மா குடுக்கிறாங்க."

"சும்மா குடுக்கிறதை நம்பலாமோ நானா?"

"கடலும் சும்மாதானே இரிக்கி? அதை நம்பித்தானே நாங்க இரிக்கம்?"

"சுனாமிக்குப் பிறகு எங்களிட்ட அந்தக் கதை கதையாதேங்கோ," என்றா பரிமளம். நானாவே சிரித்துவிட்டார். ஆனாலும் ஆறிலும் போட்டார்.

அடுத்த வெள்ளி. முன் கதிரையில் கனகம்மா அக்கா. மகன் வேலைத்தளம் மாறி ஐந்து கிழமையாகக் கதைக்கவில்லை. அன்றைக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான்.

நான் வாசலில் நின்றபடியே எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். "மூண்டாவது படத்தை அமத்துங்கோ. பெட்டி வரும். முதலாவதை அமத்துங்கோ."

ஆறு பேரும் என் சொல்லைக் கேட்டார்கள். ஆறு திரையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தது.

புது சிஸ்டத்தில் அந்த இடத்தில் இருந்தது மெஷினை நிறுத்துகிற படம்.

"என்ர பிள்ளையை எங்கயடா விட்டனி?" என்று கனகம்மா அக்கா கத்தினதை இன்றைக்கும் மறக்க ஏலாது. எல்லாரும் எழும்பி அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். பரிமளம் வெறும் கதிரைகளைப் பார்த்தா. "இனிப் பூட்டத்தான் வேணும் அண்ணை."

அவ என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நானாவிடம் போய் என் பிழை என்று ஒப்புக்கொண்டேன். அவர் வந்து மெஷின் முன்னால் என்னை இருத்தினார். "இது ஆரும் மாத்தலாம் எண்டு சொன்னேன்தானே? எது எங்க வேணும், சொல்லுங்க அண்ணன்."

நான் சொன்னேன், அவர் வைத்தார். தேவையில்லாததை எல்லாம் எடுத்துவிட்டார். படங்களைப் பெரிதாக்கினார். கீழே தமிழ் எழுத்தும் வந்தது. யாரோ முகம் தெரியாத பெடியள் காசு வாங்காமல் சும்மா மொழிபெயர்த்ததாம். அதில் இரண்டு பிழை கண்டு, நானா திருத்தி அந்தப் பெடியளுக்கே அனுப்பினார்.

அடுத்த வெள்ளி, கனகம்மா அக்காவை வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தேன். மகன் திரையில் வந்தான்.

"ஏனம்மா போன கிழமை வரேல்ல?"

"நான் வந்தனான். இந்த மனுசன்தான் விளக்கு மாதிரி உன்னை நூத்துப் போட்டான்!"

கடையே சிரித்தது. போன சனம் மெல்ல மெல்லத் திரும்பியது.

அடுத்த வருஷம் கழுத்தில் ரை கட்டிய ஒரு தம்பி கொழும்பிலிருந்து வந்தார். காசுக்கு விற்கிற சிஸ்டத்தின் ஆள். சின்னக் கடைகளுக்கு விலை குறைத்திருக்கிறார்களாம், தமிழும் போட்டிருக்கிறார்களாம்.

"போன வருஷம் நான் விசாரிக்கேக்க இதெல்லாம் எங்க தம்பி இருந்தது?" என்று கேட்டா பரிமளம்.

"அப்ப உங்களிட்ட வேற ஒண்டு இருக்கேல்லயே அக்கா," என்று அவர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

எனக்கு இது புதிதில்லை. மூதூருக்கு இரண்டாவது லோஞ்ச் ஓடத் தொடங்கிய கிழமைதான், எங்கள் முதலாளி பெண்கள் இருக்க வாங்கு போட்டு, மேலே தார்ப்பாய் கட்டினவர்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று இரண்டு மெஷினுக்கு அந்தத் தம்பியின் சிஸ்டத்தை வாங்கினா பரிமளம். மற்ற நாலிலும் லினக்ஸ். "ரெண்டும் ஒரே கடையில இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒழுங்கா இருப்பாங்கள்" என்றா.

இப்போது நான் சொல்லச் சொல்ல என் ஃபோன் தமிழில் எழுதுகிறது. பிழையை மருமகள் திருத்துகிறாள். இந்த ஃபோனுக்குள் அடியில் ஓடுவதும் அந்த லினக்ஸ்தானாம். காசுக்கு விற்கிற சிஸ்டமும் இப்போது அதைத் தனக்குள்ளேயே ஓடவிடுகிறதாம்… அப்போது ஆறு தாய்மார் ஒருவர் மகனை மற்றவர் எட்டிப் பார்த்து நலம் கேட்பார்கள். இப்போது அவரவர் முகம் அவரவர் கையில். பரவாயில்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

கனகம்மா அக்கா, மகன் வந்து சேர்ந்த பிறகு, அவன் கையால் கஞ்சி குடித்துப் போய்ச் சேர்ந்தா. றவூப் நானாவும் போன நோன்புக்கு முன்னம் மௌத்தானார்.

அந்தக் கடை ஆட்களில் என்னைத் தவிர இன்னும் இருக்கிறது ஒரு ஆள். பெட்டைகள் இரண்டும் படித்து உத்தியோகம் பார்க்கிறார்கள், வீட்டில் இருங்கோ என்று கெஞ்சுகிறார்கள். கேட்கிறாவோ? இன்றைக்கும் காலை எட்டு மணிக்குக் கடைக் கதவைத் திறக்கிறா, பரிமளம்.