ஆதியிலிருந்தே இருந்த ஜன்னல்

எங்கள் வீட்டை வாங்கிய முதலாளிக்குப் பழைய வீடு என்றால் உயிர். அதில் ஆள் குடியிருப்பதுதான் அவருக்குப் பொறுக்காது. விருதுநகரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இடியப் போகிற வீடுகளாகப் பார்த்து வாங்குவார். ஓடு மாற்றி, தூணைத் துடைத்து, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவரும் முதலாளியம்மாவும் குடியிருப்பது மெத்தைக் கடைக்கு மேலே ஒரு வாடகை மாடியில். "இத்தனை வீடு கெடக்கு. ஒண்ணுலயாச்சும் நாம இருக்கக் கூடாதா?" என்று அந்த அம்மா ஒரு தடவை என் முன்னாலேயே கேட்டார். "ஆள் இருந்தா வீடு கெட்டுப் போகும்ல" என்றார் முதலாளி. கோபமே இல்லை, சின்னப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவருக்கு அச்சங்குளத்தில் ஒன்றும் எம். புதுப்பட்டியில் ஒன்றுமாகப் பட்டாசுக் கம்பெனி. வாலிபத்திலிருந்து வெடிமருந்துக்கு நடுவிலேயே புழங்கிய மனுஷன். அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூடவே வரும். கம்பெனியில் ஷெட்டுக்குள் நுழையும் முன்னால் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பிலுள்ள மின்சாரம் இறங்குவதற்காக. இவர் யார் வீட்டுக்குப் போனாலும் நிலைக்கதவைத் தடவிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அங்கே விதி. எங்கள் கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவதாக யாராவது காபி கொண்டுவந்தால், இவர் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். என் சித்தப்பா வீட்டு மதினி தன் காபிதான் சரியில்லை என்று நினைத்து ரொம்ப நாள் மனசு நொந்துகிடந்தாள்.

அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் ஓடு சரிய ஆரம்பித்தது. சித்தப்பாமார் பங்கு கேட்டு வந்து நின்றார்கள். பள்ளிக்கூட டீச்சர் நான், கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாதவள். என் சம்பளத்தில் ஓட்டைத் தூக்கிக் கட்ட முடியுமா? அப்போதுதான் முதலாளி வந்தார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "நான் கண்ண மூடுற வரைக்கும் இந்த வீட்டுலதான் இருப்பேன், தம்பி."

முதலாளி தூணைத் தடவிப் பார்த்தார். "அம்மா வெளியாள் இல்லையே. வீட்டோட சேர்ந்தவுகதானே" என்று ஒத்துக்கொண்டார். தூண், கதவு, அம்மா. அந்த வரிசையில்தான் அவள் அங்கே தங்கினாள். அவளைப் பார்த்துக்கொள்ள நானும் ஒட்டிக்கொண்டேன். என்னை எதோடு சேர்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆதியில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சிமெண்டுப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்துப் பூசச் சொன்னார். சுவர் வழவழவென்று வந்தது. ஊரிலுள்ள எறும்பெல்லாம் பின்னாலேயே வந்தது. "ஆதியிலயும் எறும்பு வந்திருக்கும்ல, டீச்சர்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. முதுகெல்லாம் தடிப்புத் தடிப்பாக நான் போய்ப் பாடம் நடத்தினேன். பிறகு டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு குண்டு பல்பு மாட்டினார்கள். பேனைக் கழற்ற ஏணியோடு வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு சண்டைக்கு நின்றேன். பேன் தப்பித்தது.

அடுத்து அவர் கண் கக்கூஸ் மேல் விழுந்தது. அம்மாவுக்கு முட்டி மடங்காமல் போனபோது நானே பஜாரில் வாங்கிவந்து வைத்த வெஸ்டர்ன் கக்கூஸ். "இது ஆதி இல்லையே" என்று முதலாளி தலையைச் சொறிந்தார். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். ஊசி வலிக்கவே வலிக்காது என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பாள். முகம் மாறாமல் ஆரம்பித்தாள்.

"ஆதியிலருந்தே இருக்கு, தம்பி. வெள்ளைக்கார டாக்டர் துரை ஒருத்தரு எங்க மாமனாரப் பாக்க வருவாரு. அவருக்குக் குத்தவச்சு இருக்க வராது. அவருக்குன்னே கப்பல்ல வரவழைச்சது."

முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார், கக்கூஸைப் பார்த்து. அடுத்த வாரமே, தூணுக்கும் கதவுக்கும் எழுதிப் போட்டதுபோல, அதற்குமேலும் ஒரு பித்தளைத் தகடு ஏறியது: 'துரை பயன்படுத்தியது.' அப்புறம் காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார். நாலு நாலு பேராக உள்ளே போய்ப் படம் வரைந்துகொண்டார்கள். என் வீட்டுக் கக்கூஸுக்கு நான் வரிசையில் நின்ற கொடுமையை யாரிடம் சொல்ல?

"இம்புட்டுப் பொய் சொல்றியே" என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன்.

"ஞாயித்துக்கெளம கோயில்ல மன்னிப்புக் கேட்டுட்டேன். என் முட்டி படுற பாடு ஆண்டவருக்குத் தெரியும்" என்றாள்.

ஜன்னல் விஷயம் அப்படிப்பட்டதல்ல. எங்கள் அடுப்படிக்கு ஒரே ஒரு கதவு. மற்ற மூன்று பக்கமும் மொட்டைச் சுவர். புகை போக ஓட்டுக்குள் ஒரு சந்து, அவ்வளவுதான். பகலிலும் லைட் போட்டால்தான் உப்பு எது சீனி எது என்று தெரியும். கல்யாணமாகி வந்த மறுநாளே அம்மா வடக்குச் சுவரில் ஒரு ஜன்னல் கேட்டாளாம். "பொம்பளைக அடுப்புகிட்ட நிக்கிறதத் தெருவே பாக்கணுமாக்கும்" என்று தாத்தா முடித்துவிட்டார். தாத்தாவுக்குப் பிறகு அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. "பாப்பம்" என்பார். ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்துவந்து, அந்த இருட்டுக்குள் நின்றுதான் எங்களுக்குப் பொங்கிப்போட்டாள். இடையில் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போவாள். சாகிற வரைக்கும் அப்பா "பாப்பம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

முதலாளி அந்த அடுப்படிக்குள் முதல் தடவை வந்தபோது அவருக்கு வேர்த்துவிட்டது. சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரு கதவுதானா? தீப்புடிச்சா எங்குட்டு ஓடுவாக?" என்றார்.

பட்டாசு ஷெட்டில் எதிரும் புதிருமாகக் கதவு வைத்திருப்பார்கள், ஒரு பக்கம் பற்றினால் மறுபக்கம் ஓடுவதற்கு. அதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்கள் அடுப்படி பொருந்தவே இல்லை. "இப்படிக் கட்டுனா எங்களுக்கு லைசென்ஸே தரமாட்டாக. அந்தக் காலத்து ஆளுக நம்மளவிட அறிவாளிக. அவுக இப்படி விட்டிருக்க மாட்டாக. இங்கன ஒரு ஜன்னல் இருந்து, பெறகு யாரோ அடைச்சிருக்காக. இருந்துச்சுதானேம்மா?"

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருந்துச்சு, தம்பி. இந்தா, இங்கன."

வடக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். எவ்வளவு உயரம், எத்தனை கம்பி, கீழ்க்கட்டையில் ஒரு டம்ளர் வைக்க எம்புட்டு இடம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். யோசிக்க அவளுக்கு அதில் எதுவுமே இல்லை. நான் போய் அளவு டேப்பை எடுத்துவந்து முதலாளியிடம் நீட்டினேன்.

முதலாளி வேறெங்கோ இடித்த வீட்டிலிருந்து ஒரு தேக்கு ஜன்னலைக் கொண்டுவந்து வைத்தார். முதல் நாள் காலையில் அம்மா லைட் போடாமல் சமைத்தாள். மீன்காரர் போனார், ஸ்கூல் வேன் போனது, எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போட்டாள். எல்லாவற்றையும் எனக்கு வர்ணனை பண்ணிக்கொண்டே இருந்தாள். பராக்குப் பார்த்துக்கொண்டே உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். வாயில் வைக்க முடியாத அந்தக் குழம்பை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

இப்படியே போயிருக்கலாம். முதலாளி சென்னையிலிருந்து பழங்கட்டட நிபுணர் ஒருவரை வரவழைத்தார். அவர் முதலில் கக்கூஸுக்குள் போய், குனிந்து, பீங்கானுக்குப் பின்னால் டார்ச் அடித்தார். நான் கிழிக்க மறந்த கம்பெனி ஸ்டிக்கர் அங்கே பளிச்சென்று ஒட்டியிருந்தது, போன் நம்பரோடு. அடுத்து அடுப்படிக்கு வந்து ஜன்னல் ஓரத்துச் செங்கலைத் தட்டிப் பார்த்தார். "இந்தச் சுவர்ல இதுக்கு முன்னாடி ஜன்னலே இருந்ததில்லை சார். இப்பதான் முதல் தடவையா உடைச்சிருக்காங்க" என்றார்.

முதலாளி நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றார். முகம் செத்துப்போயிற்று. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தீர்த்திருப்பேன்.

"கக்கூஸ் இருக்கட்டும், டீச்சர். அம்மாவுக்கு முட்டி முடியல. தகட்ட மட்டும் எடுத்துருவோம்" என்றார் கடைசியில். "ஜன்னல அடைச்சிருவோம். இல்லாத ஒண்ண இருந்துச்சுன்னு காட்டக் கூடாதுல்ல."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாள் காலையில் கொத்தனார் செங்கலோடு வந்துவிட்டார். முதலாளியும் முதலாளியம்மாவும் வந்தார்கள். அம்மா ஜன்னலுக்கு முன்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பொய் சொன்னது தப்புதான். கக்கூஸுக்கு மன்னிப்புக் கேட்டேன். இதுக்குக் கேக்க மாட்டேன்" என்றாள்.

முதலாளி சங்கடப்பட்டார். "சரிம்மா. நீங்க இருக்குற வரைக்கும் தொறந்தே கெடக்கட்டும். உங்களுக்கு அப்புறம் அடைச்சுக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. இதற்குமேல் யார் இறங்கி வருவார்கள்? ஆனால் அம்மா முடியாது என்று தலையாட்டினாள். "அப்புறமும் அடைக்கக் கூடாது."

"அப்புறம் இங்கன யாரும்மா சமைக்கப் போறாக? பூட்டித்தான் கெடக்கும். பூட்டுன வீட்டுல காத்து யாருக்கு?"

"காத்துக்குக் கேக்கல, தம்பி." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "எங்க மாமனார் வச்ச தூணப் பத்தி எழுதிப் போட்டிருக்கீக. எங்க வீட்டுக்காரரு வச்ச கதவப் பத்தி எழுதிப் போட்டிருக்கீக. காலம் பூரா இந்த வீட்டுல கெடந்தேன். நான் கேட்டு நடந்தது இது ஒண்ணுதான். இதையும் அடைச்சிட்டா, நான் இங்கன இருந்தேன்னு எதைக் காட்டுவீக?"

முதலாளி ஜன்னலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஜன்னல் கட்டையை ஒரு தடவை தடவினார்.

முதலாளியம்மா வெளியே போய்க் கொத்தனாரிடம், "செங்கல வண்டியில ஏத்துங்க" என்றார். முதலாளி தடுக்கவில்லை.