மின்வேலிக்கு அப்பால் ஒரு பசு

புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகி, அண்ணாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அண்ணி காரிலிருந்து இறங்கினாள். எழுபத்தைந்தில் ஓர் அக்டோபர் ஞாயிறு. மான்ட்ரியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி அடுக்ககம் ஒன்றில் மூவரும் ஒன்றாக இருந்தோம்; நான் அணைக்கட்டு வரைபடங்கள் போடும் அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளர். அண்ணாவுக்குச் சென்னையில் பேராசிரியர் வேலை வந்திருந்தது. ஊரில் டாக்டராக இருந்த அண்ணிக்கோ, மறுபடி பரீட்சை எழுதி நெடுநாள் காத்திருந்த பின், அதே வாரம் மான்ட்ரியல் மருத்துவமனை ஒன்றில் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. மறுநாள் இருவரும் பதில் சொல்லியாக வேண்டும். அண்ணி வாயே திறக்கவில்லை. வெளியே அழைத்துப்போனால் பேசுவாள் என்று அண்ணா நினைத்தான்.

முதலில் காடு. மேப்பிள் இலைகள் கணுக்கால் அளவு கிடந்தன. சென்னையில் பார்க்கவேண்டிய வீடுகளைப் பற்றிப் பேசியபடி அண்ணா முன்னால் நடந்தான். காடு முடிந்து மேய்ச்சல் நிலம் வந்தது. வேலியோரம் பழுப்புப் பசு ஒன்று. பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது அண்ணிக்கு வழக்கம். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் அதைத் தொட்டாள். அவளும் பசுவும் ஒன்றாகத் துள்ளினார்கள்.

"ரப்பர் பூட்ஸ்தானே போட்டிருக்கா?" என்று அண்ணா பதறினான்.

"பசு போடலையே. கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிருக்கு," என்றேன்.

"ஆசீர்வாதம் கொஞ்சம் ஓவராப் போச்சு," என்றான் அண்ணா.

"பாவங்க, என்னால அதுக்கும் ஷாக்," என்று அண்ணி சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

அதற்கப்பால் நிலம் உயர்ந்து மரமற்ற வெளியானது. சிவந்த குட்டைப் புதர்கள், மிதித்த இடத்தில் அமுங்கி மெல்ல எழும் பாசி, தடையில்லாத காற்று.

"அடையாறு பக்கமே பாத்துடலாம், என்ன?" என்றான் அண்ணா.

"நீங்க முன்னாடி போங்க. நான் பயிற்சிய முடிச்சிட்டு வரேன்."

"நான் அங்க, நீ இங்கயா? எல்லாரும் என்ன சொல்லுவாங்க?"

"எங்கம்மா திட்டுவாங்க. உங்கம்மா இன்னும் ஜாஸ்தி. திட்டட்டுங்க."

அண்ணா என்னைப் பார்த்தான். நான் அண்ணியின் அருகில் போய் நின்றேன். அவன் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பிறகு, "என் பெரிய கோட்டை விட்டுட்டுப் போறேன். அங்க எனக்கு எதுக்கு?" என்றான்.

இது எழுபத்தெட்டு; இந்தக் கோடையில் பயிற்சி முடிகிறது. தோளில் தொளதொளக்கும் அந்தக் கோட்டில்தான் இந்தக் குளிர்காலமும் அவள் பனியில் பஸ்ஸுக்கு நடந்தாள். அண்ணா சென்னையில் வீடு ஒன்றைப் பார்த்திருக்கிறான். இன்னும் முடிவு செய்யவில்லை. நோயாளிகளைப் பார்க்க முன்னறை போதுமா என்று அண்ணியைக் கேட்டு எழுதியிருக்கிறான்.