மாதாவுக்கும் தெரிந்த அணி

இத்தாலியில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் ஒரு காப்பிக் கடை. தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் ஓடுகிறது. "மிஸ்டர்! மிஸ்டர்!" என்று கடையே கத்துகிறது. என்னைத்தான் என்று நினைத்துக் கூச்சத்துடன் எழுந்து நிற்கிறேன். மனைவியின் தம்பி அன்ரன் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறான்.

"இருங்கோ அத்தான். இஞ்சை கோச்சைத்தான் மிஸ்டர் எண்டுவினம்."

அணியின் பயிற்சியாளரான இந்த மிஸ்டர் பராகுவேக்காரர். முன்பு இதே ஊர் அணியின் முன்வரிசையில் ஆடிக் கோல்களாய் அடித்தவர். அப்போது அவர் படம் இக்கடையில் மாதாவுக்குப் பக்கத்தில் தொங்கியதாம். இப்போது கழிப்பறைக் கதவில் தொங்குகிறது.

அன்ரனுக்கு அவர் வீட்டில்தான் உடுப்புத் தோய்த்து இஸ்திரி போடும் வேலை. இன்று தோற்றால் மிஸ்டரைப் பதவியிலிருந்து கலைத்துவிடுவார்கள். அன்ரனின் வேலையும் போகும். வேலையில்லாமல் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க முடியாது.

"மாதாவே, சமனாய் முடியட்டும்" என்று முணுமுணுக்கிறான்.

"வெல்ல வேணும் எண்டு கேளன்."

"மாதாவுக்கும் இந்த டீமைத் தெரியும் அத்தான்."

கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. அடித்தவன் பந்தை வானத்துக்கு அனுப்புகிறான். ஆட்டம் சமன். கடை முழுவதும் மிஸ்டரைத் திட்டுகிறது. அன்ரன் மட்டும் துள்ளுகிறான்.

"வாங்கோ அத்தான், கெதியா! எப்பிடியும் கலைச்சுப்போடுவாங்கள் எண்டு இந்தக் கிழமை மிஸ்டரின்ரை ஒரு சட்டையும் நான் மினுக்கேல்லை."