இடப்பக்கத்து ஆஹா

ஓய்வு பெற்ற நான்காவது மாதம், பஸ் டிரைவர் பழைய சைக்கிளை வெளியே எடுத்தார். சங்கிலிக்கு எண்ணெய் விட்டார். டயரை அமுக்கிப் பார்த்தார். மனைவி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"எங்க கிளம்பியாச்சு?"

"நம்ம ரூட்டுதான். முழுசா ஒரு ரவுண்டு."

"அம்பது கிலோமீட்டருங்க! முட்டி என்ன சொல்லுது?"

"அதைக் கேட்டுக்கிட்டிருந்தா கிளம்ப முடியுமா?"

அவர் எதற்குப் போகிறார் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாத மாதிரி பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள்.

விஷயம் இதுதான். முப்பத்தொரு வருடம் ஒரே ரூட்டில் பஸ் ஓட்டியவர் அவர். மேடு ஏறி முடிக்கிற இடத்தில் ஒரு பொல்லாத வளைவு. எதிரே என்ன வருகிறதென்று கடைசி நொடிவரை தெரியாது. ஹாரனை நீளமாக அடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் எழும்பும்: "ஆஹா!" தினமும், நான்கு டிரிப்பிலும். இடப்பக்கம் என்னவோ இருக்கிறது. அதைத் திரும்பிப் பார்க்க அவருக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லை.

கண்டக்டரைக் கேட்டால், "அண்ணே, ரோட்டைப் பாருங்க" என்பார். தாய்வீட்டுக்கு அதே பஸ்ஸில் போய்வரும் மனைவியைக் கேட்டால், "சொன்னா புரியாதுங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை முப்பத்தொரு வருடம் தாங்கிய மனிதருக்குத் தனியாக ஒரு மெடலே கொடுக்கலாம்.

ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகப் பயணியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். பலிக்கவில்லை. வேறொருவர் ஓட்ட, இவருடைய கால் தரையில் பிரேக்கைத் தேடிக்கொண்டே வந்தது. வளைவு வந்ததும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டார். எல்லாரும் "ஆஹா" என்றார்கள். இவர் "ஐயோ" என்றார். சைக்கிள் யோசனை வந்தது அன்றைக்குத்தான்.

ஊர் எல்லையைத் தாண்டியதுமே மனசு லேசாகிவிட்டது. பஸ்ஸிலிருந்து வெறும் பச்சையாகத் தெரிந்த வயலெல்லாம் இப்போது கத்தரிச் செடியும் பூசணிக் கொடியுமாக நின்றது. ரோட்டோரம் ஒரு வாய்க்கால் சலசலத்தபடி கூடவே வந்தது. இத்தனை வருடமும் கூடத்தான் வந்திருக்கிறது, எஞ்சின் இரைச்சலில் காதில் விழவில்லை. பழக்கதோஷம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கை தானாக பிரேக் பிடித்தது. மூன்றாவது ஸ்டாப்பில் நின்றிருந்த பால்காரம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன டிரைவரே, பின்சீட்டு காலியா?"

"ஏறுங்க. மேட்டுல மட்டும் இறங்கித் தள்ளணும்."

"அதுக்கு நான் நடந்தே போயிடுவேன்!"

சிரித்த சிரிப்பில் அடுத்த ஸ்டாப் வந்ததே அவருக்குத் தெரியவில்லை.

மேடு வந்தது. பாதியில் முட்டி முரண்டு பிடித்தது. இறங்கித் தள்ளினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் நின்றார். திரும்பினால் மனைவியின் அந்தச் சிரிப்பை மிச்ச ஆயுளுக்கும் தாங்க வேண்டும். மறுபடி தள்ளினார்.

வளைவின் இடப்பக்கம் ஆள் உயரத்துக்குப் புதர். பஸ் ஜன்னலுக்குத் தெரிவது ரோட்டில் நிற்பவருக்குத் தெரியாது. விடுவாரா மனிதர்? சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஓரத்துப் பாறையில் தொற்றி ஏறி எட்டிப் பார்த்தார்.

கீழே ஒரு குளம். நடுவில் ஒரு திட்டு, அதில் நெருக்கமாக மரங்கள். கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. அவ்வளவுதான்.

"இதுக்கா?" என்று வாய்விட்டே கேட்டார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பார்த்தார். குளம் குளமாகவே இருந்தது. சப்பென்று போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார்.

பதினொன்றரை வண்டி மேடேறும் சத்தம் கேட்டது. இரண்டாவது கியர். எத்தனை வருடப் பழக்கம், தன்னையறியாமல் எழுந்து நின்றார். வளைவுக்கு முன்னால் ஹாரன் நீளமாக அலறியது.

வெள்ளையெல்லாம் கொக்கு! ஆயிரமோ இரண்டாயிரமோ, ஒரே நேரத்தில் மரங்களை விட்டு எழும்பின. வானத்தை அடைத்துக்கொண்டு குளத்துக்கு மேலே ஒரு சுற்று வந்தன. தண்ணீருக்குள்ளும் அத்தனை கொக்குகள் பறந்தன. பஸ்ஸுக்குள்ளிருந்து "ஆஹா!" வந்தது. பாறை மேலிருந்தும் வந்தது. புது டிரைவர் மட்டும், பாவம், ரோட்டைப் பார்த்தபடி திருப்பிக்கொண்டு போனார்.

உடனே வீட்டுக்கு போன் போட்டார்.

"கொக்கு! ஹாரன் அடிச்சாதான் பறக்குது! அப்போ இத்தனை வருஷமா அதைப் பறக்க விட்டது..."

"நீங்கதான்."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கோபமும் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் திரும்பிப் பாத்திருப்பீங்க. அம்பது பேரோட பஸ் குளத்துல கிடந்திருக்கும். அந்த அம்பதுல நானும்தானே இருந்தேன்?"

கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கிளையில் உட்கார்ந்துகொண்டிருந்தன.

"சாப்பாட்டுக்கு வந்துடுவீங்கதானே?"

"ரெண்டேகால் வண்டியும் போகட்டும், வந்துடறேன்" என்று சொல்லி, பாறையில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.