சித்தி ஏறியதால் கிளம்பிய பிக்கப்பு

பள்ளத்தில் அடி தட்டுகிறதென்று சித்தப்பா தன் பிக்கப்பைப் பட்டறையில் விட்டு உயரமாக்கிக்கொண்டு வந்தார். இன்று காலை, காட்டில் எடுத்து வைத்த பருத்தியை அடுத்த மழைக்கு முன் ஏற்றிவர அதில்தான் போனோம்.

வண்டிப்பாதைச் சேற்றில் அடி தட்டவே இல்லை. ஆனால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது.

"உசரத்தக் கூட்டுனீகளே, இழுவையக் கூட்டுனீகளா?" என்றார் சித்தி.

"பின்னாடி வெயிட்டு இல்ல. நீ ஏறு, தன்னால கெளம்பும்."

சித்தி முறைத்தார். ஆனாலும் பருத்தி நனையக் கூடாதே! ஸ்டெப்னி டயரைக் கீழே போட்டு, அதன்மேல் நின்று, நான் தள்ள ஒருவழியாய் ஏறினார்.

வண்டி துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஸ்டெப்னிதான் சேற்றுக்குள் போய்விட்டது.

பருத்தி நனையவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து, திருச்சுழி ரோட்டில் எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி வந்த சித்தி, வாசலில் இன்னும் வண்டி மேலேதான் இருக்கிறார்.

ஏணி வைத்திருப்பவர்கள் கமெண்டுக்கு வரவும்.